பச்சையாக இருந்தாலும் அது புல்தரை இல்லை

அப்பாவின் பழைய விளையாட்டு இதழில் இருந்த படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: டென்னிஸ் வீராங்கனை சபாட்டினி, அமீலியா தீவு, 1989, பச்சைத் தரை. இது விம்பிள்டனுக்கு முந்தைய புல்தரைப் போட்டியா, இப்போதைய அட்டவணையில் ஏன் காணவில்லை என்று.

புல்தரை இல்லைங்க. அமெரிக்காவின் 'ஹார்-ட்ரூ' களிமண் தரை. ஐரோப்பாவில் செங்கல் பொடி, இங்கே பச்சைக் கல்லை நொறுக்கிய பொடி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், காலணி சறுக்கிய கோடுகள் தெரியும், காலுறையில் தூசியும் ஒட்டியிருக்கும். புல்லில் அப்படி வராது. போட்டி நடந்ததும் ஏப்ரலில். அது களிமண் தரைப் போட்டிகள் நடக்கும் பருவம்.

ஃபுளோரிடாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது இந்தத் தீவு. 1980இல் முதல் பட்டம் நவ்ரத்திலோவாவுக்கு. உங்கள் படத்து வருடம்தான் சபாட்டினி இறுதியில் கிராஃபை வீழ்த்தினார். அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையான கிராஃபைத் தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியமா! 2008இல் ஷரபோவா வென்றதோடு தீவில் கதை முடிந்தது. அடுத்த வருடம் அதே மாநிலத்தின் பான்ட்டே வெட்ரா பீச்சுக்குப் போட்டியை மாற்றினார்கள். 2009, 2010 இரண்டிலும் வோஸ்னியாக்கி வென்றார். அத்தோடு நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் அட்டவணையில் இல்லை.

ஹில்டன் ஹெட் தீவுப் போட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நிறைய பேர் குழம்புவார்கள். அது தெற்கு கரோலினாவில் 1973இல் தொடங்கியது. 2001இல் சார்ல்ஸ்டனுக்கு மாறி இன்னும் நடக்கிறது. படத்துக்குக் கீழே 'அமீலியா தீவு, ஃபுளோரிடா, ஏப்ரல் 1989' என்றே எழுதிவிடுங்கள்.