எலுமிச்சம்பழம் பாத்திரத்துக்கு நல்லது, முகத்துக்கும் நல்லதா?

வீட்டைத் துப்புரவு செய்யவும், உடல்நலத்துக்கும், முக அழகுக்கும் எலுமிச்சையைப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் ஏராளமாக உலவுகின்றனவே, அவற்றுள் உண்மையிலேயே பயன் தருபவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள், வீட்டில் நாள்தோறும் சமைப்பவள் என்ற இரண்டு நிலைகளிலிருந்தும் எழுதுகிறேன். பாத்திரம், குழாய், துணி ஆகியவற்றுக்கான குறிப்புகளில் பெரும்பாலானவற்றை நம்பலாம். உணவு தொடர்பானவற்றில் உண்மையும் மிகையும் கலந்திருக்கின்றன. முகத்தில் தேய்க்கச் சொல்பவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது.

எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு சிட்ரிக் அமிலம் இருக்கிறது, அதன் பி.எச். மதிப்பு (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. வைட்டமின் சி இருப்பது உண்மைதான், ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. தோலில் லிமோனீன் என்னும் எண்ணெய் இருக்கிறது. புளியங்குடி போன்ற சந்தைகளிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் பழம் உருண்டையான, மெல்லிய தோல் கொண்ட சிறு பழம். மேலைநாட்டுக் குறிப்புகள் பேசுவது தடித்த தோலுடைய பெரிய மஞ்சள் பழத்தை. இரண்டிலும் அமிலம் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் வைட்டமின் சி பெரிய பழத்தில் 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் அளவிலும், நம் பழத்தில் 30 மில்லிகிராம் அளவிலும் இருக்கிறது.

முதலில் பித்தளையும் செம்பும். குத்துவிளக்கோ செம்புக் குடமோ கறுத்துப்போவதற்குக் காரணம், மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றோடு வினைபுரிந்து ஆக்சைடாக மாறுவது. சிட்ரிக் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைக்கிறது. உடன் சேர்க்கும் உப்பு அந்த வினையை விரைவுபடுத்துவதோடு தேய்ப்பதற்கும் உதவுகிறது. நம் பாட்டிமார் புளியைக் கொண்டு செய்ததும் இதே வேலைதான், அங்கே டார்டாரிக் அமிலம் வேலை செய்கிறது. பிழிந்த மூடியை உப்பில் தொட்டுத் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும். அமிலம் ஒட்டியிருக்கும்படி விட்டுவிட்டால் மறுநாளே பச்சைக் களிம்பு பிடிக்கும். இதே காரணத்தால் எலுமிச்சைச் சாற்றையோ ஊறுகாயையோ செம்பு, ஈயம் பூசாத பித்தளை, அலுமினியம் ஆகிய பாத்திரங்களில் வைக்கக் கூடாது. பீங்கான் ஜாடியும் கண்ணாடிப் புட்டியும் அதற்காகத்தான் இருக்கின்றன. கவரிங் நகைகளை இப்படித் தேய்த்தால் முலாம் பாழாகும். முத்தும் பவளமும், சுண்ணாம்புக்கல்லைப் போலவே, கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்பதால் அமிலம் பட்டால் மேற்பரப்பே அரிக்கப்பட்டு ஒளி இழக்கும்.

அந்தக் கால்சியம் கார்பனேட்டுதான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் குழாய் முனைகளிலும், ஷவர் துளைகளிலும், மின்கெட்டிலின் அடியிலும் வெள்ளையாகப் படிகிறது. எலுமிச்சைச் சாறு மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை இந்த உப்புக் கறையை நீக்குவதே என்பது என் கருத்து. பிழிந்த மூடிகளைக் குழாயின் முனையில் செருகி, ஒரு பாலித்தீன் பையால் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் படிவு உதிர்ந்துவிடும். கெட்டிலில் தண்ணீரோடு இரண்டு பழங்களின் சாற்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டிவிடலாம். ஆனால் எந்த வினை படிவைக் கரைக்கிறதோ, அதே வினை சமையல் மேடையையும் கெடுக்கக் கூடும். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல் வகை, பளிங்கும் அப்படியே, பழைய வீடுகளின் மொசைக் தரையில் பளிங்குத் துண்டுகளும் சிமெண்டும் கலந்திருக்கும். இவற்றின் மேல் சாறு சிந்தி உலர்ந்தால் பளபளப்பு போய் மங்கலான திட்டு விழும். அது எவ்வளவு துடைத்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். கிரானைட் மேடைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடக்க முடியாது. குளியலறையில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் கரைசலோ போட்ட இடத்தில் எலுமிச்சையையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். சமையல் சோடாவையும் எலுமிச்சையையும் கலந்து நுரைபொங்கத் தேய்க்கச் சொல்லும் குறிப்பு ஆபத்தற்றது, ஆனால் பயனும் குறைவு: அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் எஞ்சுவது ஏறத்தாழ உப்புத் தண்ணீர்தான். அந்த நுரை பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

துணிக் கறைகளில் துருக்கறைக்கு எலுமிச்சை மிகவும் ஏற்றது, ஏனெனில் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் கரைத்து வெளியேற்றுகிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் கறையின் மேல் உப்பும் சாறும் இட்டு, வெயிலில் சிறிது நேரம் வைத்து அலசலாம். சாயத் துணியில் முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் கறை வேறு வகை. சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறுவதைக் கண்டு பலர் பதறுவார்கள்; ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான். எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சளாகுமே தவிர, கறை போய்விடாது. மஞ்சள் நிறத்தை உண்மையில் வெளுக்கவைப்பது வெயில். மீன் கழுவிய கையிலும் பாத்திரத்திலும் உள்ள வீச்சத்துக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உடையவை, அமிலம் அவற்றை ஆவியாகாத உப்புகளாக மாற்றிவிடுவதால் வாடை அடங்குகிறது. புதிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் பசைக்குச் சாறு உதவாது. தோலின் வெளிப்புறத்தை மடித்துப் பிழிந்தால் பீறிடும் எண்ணெய்தான் அந்தப் பசையை இளக்கும். அந்த எண்ணெய் எளிதில் தீப்பற்றும் என்பதால் எரியும் அடுப்புக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது.

இனி உணவு. எலுமிச்சையை வைட்டமின் சி-யின் களஞ்சியம் என்று சொல்வது நம் ஊர்ப் பழத்தைப் பொறுத்தவரை மிகை. ஒரு பழத்தில் 15 முதல் 20 மில்லிலிட்டர் சாறு கிடைத்தால், அதில் ஐந்தாறு மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். ஒரு கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ இதைப்போலப் பல மடங்கு தந்துவிடும். எலுமிச்சைக்கு இந்தப் பெயர் கிடைத்தது கடலில். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், சாலிஸ்பரி என்னும் கப்பலில் ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது, நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். கடற்படை இதை முறையாக ஏற்றுக்கொள்ள 1795 வரை ஆயிற்று. பிற்காலத்தில் அதே கடற்படை பெரிய மஞ்சள் பழத்தைக் கைவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் சிறு பழத்துக்கு, அதாவது நம் பழத்தின் இனத்துக்கு, மாறியது. குறைவாக இருந்த வைட்டமினும் நெடுநாள் சேமிப்பில் அழிந்துவிட, 1875-இல் ஆர்க்டிக் கடலுக்குச் சென்ற குழுவினரை ஸ்கர்வி மீண்டும் பீடித்தது. ஆகவே சாற்றைப் பிழிந்து நாள்கணக்கில் வைத்திருப்பதும், அடுப்பில் கொதிக்கவிடுவதும் இருக்கும் சிறிதளவையும் இழப்பதாகும். ரசத்தையோ எலுமிச்சை சாதத்தின் தாளிப்பையோ இறக்கியபின் பிழிவது சுவைக்கும் நல்லது, ஏனெனில் சூட்டிலும் நேரம் கடந்தாலும் கசப்பு ஏறுகிறது.

இதனால் எலுமிச்சை உடலுக்குப் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கீரை, சுண்டல், கம்பு, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை நம் குடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. அந்த உணவோடு சேர்த்துப் பிழியும் சாற்றிலுள்ள வைட்டமின் சி-யும் சிட்ரிக் அமிலமும் அந்த உறிஞ்சுதலை உயர்த்துகின்றன. சுண்டலின் மேல் பிழியும் அரை மூடி நான் முழுமனத்தோடு பரிந்துரைக்கும் பழக்கம். அதே உணவோடு தேநீர் அருந்தினால் இந்தப் பயன் பெருமளவு குறையும்.

சிறுநீரகக் கல் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சிறுநீரில் உள்ள சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) கால்சியத்தோடு பிணைந்து, அது ஆக்சலேட்டோடு சேர்ந்து கல்லாவதைத் தடுக்கிறது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு ஒரு பழம் போதாது, மேலும் ஏற்கெனவே உருவான கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டராவது சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே முதன்மையான தடுப்பு. எலுமிச்சை அந்தத் தண்ணீரைக் குடிக்கவைக்கும் சுவையாக இருக்கட்டும். உப்பு அள்ளிப் போட்ட சர்பத்தை இதற்காகக் குடிப்பது நேர் எதிரான விளைவைத் தரும், ஏனெனில் மிகுதியான உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டுகிறது.

வெறும் வயிற்றில் வெந்நீரும் எலுமிச்சையும் தேனும் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை. சர்க்கரை போட்ட காப்பிக்குப் பதிலாக அதைக் குடிப்பவருக்கு எடை சற்றுக் குறையலாம். அது காப்பியை விட்டதன் பலன். நாள்தோறும் குடிப்பவர்கள் பல்லைக் கவனிக்க வேண்டும். பி.எச். மதிப்பு 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும்; ஆகவே குடித்தவுடன் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குவது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இப்பழக்கத்தைத் தவிர்க்கலாம். வயிற்றுப்போக்குக்கு எலுமிச்சைச் சாறு மருந்தாகாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுப்பதே தேவை. அதில் சில துளி சாறு விடுவதில் தவறில்லை.

நகச்சுற்று வந்த விரலை எலுமிச்சம்பழத்துக்குள் செருகிக்கொண்டு திரிபவர்களை நம் தெருக்களில் இன்றும் காணலாம். குளிர்ச்சியும் விரலை அசைக்காமல் காப்பதும் இதமளிக்கலாம். ஆனால் நகச்சுற்று பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. சீழ் கட்டிவிட்டால் அதை மருத்துவர் கீறி வெளியேற்றுவதே தீர்வு. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தை நம்பி நாள் கடத்தவே கூடாது.

கடைசியாக முக அழகு. இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். தோல் மருத்துவர்கள் வைட்டமின் சி-யைப் பரிந்துரைப்பது உண்மை, ஆனால் அவர்கள் தரும் சீரம் என்னும் பூச்சுத் திரவங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை அது இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் இருப்பது 0.03 விழுக்காடு. அதாவது வைட்டமின் சி-க்காக என்று எண்ணிப் பூசுவதில் வைட்டமின் இல்லை, அமிலம்தான் இருக்கிறது. நம் தோலின் பி.எச். ஏறத்தாழ 5, அதன் மேல் 2 மதிப்புள்ள சாற்றை வாரந்தோறும் தேய்ப்பது தோலின் மேலடுக்கைச் சிதைத்து எரிச்சலையும் வறட்சியையும் தரும். மாநிறத் தோலில் எரிச்சல் தணிந்த இடம் கறுத்துவிடுவது இயல்பு. அக்குளும் கழுத்தும் கறுத்திருக்கின்றன என்று தேய்ப்பவர்களுக்கு அவை மேலும் கறுப்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெயில். எலுமிச்சையில், குறிப்பாக நம் பழத்தின் தோலில், ஃபியூரனோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. அவை நம் உடலின் தோலில் பட்ட நிலையில் சூரியனின் புறஊதாக் கதிர் விழுந்தால் தீப்புண் போன்ற காயம் உண்டாகும். என் அத்தை மகள் ஒரு ஸ்ரீராமநவமியன்று பந்தலுக்கு வெளியே நின்று, பானகத்துக்காகக் காலை முழுவதும் பழம் பிழிந்தாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சாறு வழிந்த கோடுகளிலேயே கைகள் சிவந்து கொப்புளம் எழும்பின. கொப்புளங்கள் ஆறியபின் தங்கிய கறுப்புத் தாரைகள் மறைய மாதக்கணக்காயிற்று. பழம் பிழிந்தவர்கள் வெளியே போகுமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவது போதும், இது நேராது. முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் உலர்த்தச் சொல்லும் குறிப்புகளை எழுதுபவர்கள் இதை அறிந்திருப்பார்களா என்று எனக்கு ஐயம் உண்டு.

பொடுகுக்கு எலுமிச்சை தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். பொடுகுக்கு ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சையின் பங்கு இருப்பதால் கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த ஷாம்பு போன்றவை பயன் தருகின்றன; சொறிந்து புண்ணான தலையில் அமிலத்தைத் தேய்ப்பது எரிச்சலை மட்டுமே கூட்டும்.

துப்புரவு வேலைக்குப் பழமே வேண்டும் என்பதும் இல்லை. மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைப் பொடி சிட்ரிக் அமிலம்தான். இன்று ஆலைகளில் அதைப் பழத்திலிருந்து எடுப்பதில்லை, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துத் தயாரிக்கிறார்கள். கோடையில் பழத்தின் விலை ஏறும்போது, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி பொடியைக் கரைத்துக் குழாயையும் கெட்டிலையும் துலக்கிக்கொள்ளுங்கள். பழத்தைச் சாதத்துக்கும் சுண்டலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.