டாஸ்மாக் பாரை என் பெயரில் எடுக்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினேழு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட மச்சினன், "அத்தான், பார் டெண்டர் வருது. உங்க பேர்ல போடுவோம். ரூவாயும் பேரும் உங்களுது, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாராம். வாசகர் கேட்பது மூன்று. சட்டப்படி என் தலையில் என்னென்ன பொறுப்பு விழும்? மச்சினன் தப்பு செய்தால் என்னைப் பிடிப்பார்களா? மாமியார் வீட்டுப் பனையில் கள் இறக்கிப் பாரில் வைக்கலாமா?

அண்ணாச்சி, கள்ளை முதலில் முடித்துவிடுவோம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதனீர், தடவாமல் விட்டால் கள். பனையேறிக்குச் சுண்ணாம்புதான் சட்டம். அந்தப் பதனீரும் வெயில் ஏற ஏறப் புளிக்கும். பாருக்குள் ஒரு கலயம் புளித்த பதனீர் இருந்தால், சோதனைக்கு வருபவர் மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதும் அறிக்கையில், அதை என்னவென்று எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமியாரைக் கருப்பட்டி காய்ச்சச் சொல்லுங்கள்.

இனி பாருக்கு வருவோம். நிறையப் பேர் நினைப்பது போல, பார் எடுப்பவருக்கு மது விற்கும் உரிமம் கிடைப்பதில்லை. டாஸ்மாக் நிறுவனம் 1983-ல் தொடங்கியது. சில்லறை விற்பனை 2003 நவம்பர் 29 முதல் முழுக்க அதன் கைக்கு வந்தது. அன்றைக்கு முன் ஏலம் எடுத்துச் சொந்தக் கடை நடத்தியவர்கள் உண்டு, இன்று முடியாது. கடை அரசுடையது, சரக்கும் அரசுடையது, கவுண்டரில் நிற்பவரும் டாஸ்மாக் ஊழியர். கடையை ஒட்டிய பாரில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே உரிமை: தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைச் சேகரித்து எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் சுண்டல், ஆம்லெட், சோடா விற்கும் கடைக்காரர். வாடிக்கையாளர் கவுண்டரில் காசு கொடுத்து வாங்கிய பாட்டிலை உங்கள் மேசையில் உட்கார்ந்து குடிக்கிறார், அவ்வளவுதான். ஒரே ஒரு குவாட்டரைக்கூட நீங்கள் வாங்கி வைத்து விற்க முடியாது.

மச்சினன் சொல்லும் லாபக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சைடிஷ், தண்ணீர், காலி பாட்டில் ஆகியவற்றின் வரவு ஒரு பக்கம். டாஸ்மாக்குக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை, வாடகை, ஆள் சம்பளம், கரண்டு பில் மறுபக்கம். இரண்டும் கட்டி வந்தால் சரி. கட்டி வராமல், "அதெல்லாம் நடக்கும்போது தானா வந்திரும் அத்தான்" என்று அவர் சிரித்தால், அவர் மனதில் இருப்பது பிளாக் விற்பனை. இருபது வருஷமாகப் பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குப் போய் வருகிறேன். பார் சம்பந்தமாக என்னிடம் வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் அந்தச் சிரிப்பில் தொடங்கியவைதான்.

பிளாக் விற்பனை எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கடை மத்தியானம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. காலையில் கை நடுங்க வந்து நிற்கிறவர்களுக்காக முந்தின நாளே பத்து முப்பது பாட்டில் வாங்கிப் பாருக்குள் பதுக்கி, கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். இது டாஸ்மாக் ஒப்பந்தத்தை மீறுவதோடு நிற்காது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது வைத்திருந்ததும் விற்றதும் குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த பிறகு, அதே மாதத்தில் சட்டமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். நீங்கள் விற்பது கம்பெனி சரக்குதானே, கள்ளச்சாராயம் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கவுண்டரைத் தாண்டி, ரசீது இல்லாமல், யார் கையிலிருந்தோ வந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? 2023 மே மாதம் தஞ்சாவூரில், கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே பாரில் வாங்கிக் குடித்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். சோதனையில் சயனைடு என்று தெரிந்தது. அது எப்படி வந்தது, யார் கலந்தது என்பது விசாரணைக்கு உரியது. ஆனால் பாருக்கு உடனே சீல் விழுந்தது, பார் நடத்திய தரப்பில் கைதும் நடந்தது.

அடுத்தது ஆட்கள். பாரில் மேசை துடைக்க, தட்டு எடுக்க, கவுண்டருக்கு ஓடிப் பாட்டில் வாங்கி வரப் பையன்களை வைப்பது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட பதினாறு வயசுப் பையனை, "வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று அவன் அம்மாவே கொண்டுவந்து விடுவார். எடுத்துவிடாதீர்கள். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பதினெட்டு வயது ஆகாத எவரையும் குழந்தை என்றே சொல்கிறது. மது விற்க, சுமக்க, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு குழந்தையைப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அந்தப் பையன் மதுவை விற்க வேண்டியதுகூட இல்லை. கவுண்டரிலிருந்து உங்கள் மேசைக்கு ஒரு பாட்டிலைத் தூக்கி வந்தாலே போதும். ஒரு குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தாலும் அதே அளவு தண்டனை. என்னைக் கேட்டால், பார் எடுக்கிற ஒருவர் முதலில் பயப்பட வேண்டியது இந்தச் சட்டத்துக்குத்தான். ஆனால் என்னிடம் வந்த பார்க்காரர்களில் ஒருவரும் இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவரின் ஆதார் நகலையும் வாங்கி ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

குடிக்க வருபவரின் வயது வேறு கணக்கு. தமிழ்நாட்டில் அது 21. பாட்டிலைக் கொடுப்பது கவுண்டர்க்காரர் என்றாலும், உட்கார இடம் கொடுப்பது நீங்கள். காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்தால் அடையாள அட்டையைக் கேட்கச் சொல்லுங்கள். சண்டைக்கு வருவார்கள்தான். அதைச் சமாளிக்கத்தான் வாசலில் ஒரு பெரிய ஆள் வேண்டும்.

தின்பண்டம் விற்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். எது என்பது ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்தது. அது டாஸ்மாக் கொடுக்கும் பார் அனுமதிக்குள் அடங்காது, தனியாக எடுக்க வேண்டும். பழைய எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தது, முந்தின நாள் குடல் கறி, திறந்து கிடக்கும் ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். வியாபாரம் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் சேர்ந்துகொள்ளும். மது ஜிஎஸ்டிக்குள் வராது, உங்கள் ஆம்லெட் வரும்.

அப்புறம் பிளாஸ்டிக். தண்ணீர் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் டம்ளருக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இருந்தும் எந்தப் பாருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் இவை இரண்டும்தான் மலையாகக் குவிந்திருக்கும். அபராதம் பாருக்குத்தான் வரும், டம்ளர் சப்ளை செய்தவரைத் தேடிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். காலி பாட்டில் வரவைப் பெரிதாக நம்பியும் இறங்க வேண்டாம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடும் திட்டம் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்துவருகிறது. பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றால் எவர் பாட்டிலை உங்கள் மேசையில் விட்டுவிட்டுப் போவார்? வயலில் கண்ணாடிச் சில்லு குத்திக் கால் கிழிகிற நம் விவசாயிகளுக்கு அது நல்லது, உங்கள் கணக்குக்கு அடி.

சிகரெட்டையும் சொல்லிவிடுகிறேன். பார் என்பது பொது இடம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை. அறிவிப்புப் பலகை வைப்பதும், புகைப்பவரைத் தடுப்பதும் இடத்தை நடத்துபவர் பொறுப்பு. குட்காவைப் பெட்டிக்கடையில்கூட விற்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூடும் நாட்கள்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மிலாதுன் நபி. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும், வாக்கு எண்ணும் நாளும். இவை போக, தேரோட்டம், தலைவர்கள் நினைவு நாள் என்று ஆட்சியர் தனி உத்தரவு போடலாம். கடை மூடியிருக்கும்போது பாருக்குள் நாலு பேர் உட்கார்ந்து சும்மா சீட்டாடினாலும் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

குடித்துவிட்டு வண்டி எடுத்துப் போய் மோதினால் யார் பொறுப்பு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஓட்டியவர்தான் முதல் குற்றவாளி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. குடித்தவருக்கு இடம் கொடுத்தீர்கள் என்பதாலேயே அது உங்கள் மேல் பாயாது. நிற்க முடியாதவர் கையில் உங்கள் ஆளே சாவியைத் திணித்து வண்டியை உதைத்துக் கொடுத்தால், அது வேறு கதை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மச்சினன் செய்வதற்கு நீங்கள் பொறுப்பா? இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பார் உரிமை ரத்தாவது, டெபாசிட் போவது, இனி டெண்டரில் சேர்க்காமல் விடுவது ஆகியவற்றுக்கு, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். காகிதத்தில் யார் பெயரோ அவர்தான். கிரிமினல் வழக்கு அப்படி இல்லை. உங்களுக்குத் தெரிந்துதான் நடந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் ஏறுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. முன்ஜாமீனுக்கு அலைந்து, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பதில் வந்து, மறுபடி மஸ்கட் போகும் வழி அடைபட்டு நிற்பவர் நீங்கள்தான், மச்சினன் அல்ல. உங்கள் இருவருக்கும் நடுவில் பத்திரத்தாளில் ஓர் உள்ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டாஸ்மாக்கிடம் எடுத்த உரிமையை இன்னொருவருக்கு உள்குத்தகை விடுவதே மீறல். அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. மீறினீர்கள் என்பதற்கு நீங்களே எழுதி வைத்த சாட்சியாகிவிடும்.

உரிமைக் காலத்தையும் கவனிக்க வேண்டும். காலம் முடிந்து புதுப்பிப்பு வரும் முன்பு, "பேசியாச்சு, ஓட்டுங்க" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் உங்கள் இடம் அனுமதியில்லாத பார் என்ற கணக்கில் வந்துவிடும். 2024 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட இடத்துக்குச் சீல் வைப்பது இன்னும் எளிதாகிவிட்டது. எழுத்தில் உத்தரவு வரும்வரை பாரைத் திறக்க வேண்டாம்.

இந்த உரிமை சொத்தும் அல்ல. கடை போனால் பாரும் போகும். 2023 ஜூன் 22 அன்று ஒரே நாளில் 500 கடைகளை அரசு மூடியது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரம் வேண்டும் என்பது விதி. அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கட்டட உரிமையாளர் பாருக்குச் சம்மதிக்கிறாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இதனாலேயே உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தப் பெயரில் சட்டப்படி மது விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் தனியாருக்கு முக்கியமாக இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று எஃப்எல் 3 என்ற வகை உரிமம், நட்சத்திரத் தகுதி உள்ள ஹோட்டலுக்கு. இன்னொன்று எஃப்எல் 2, மனமகிழ் மன்றத்துக்கு. முதலாவதுக்கு உங்கள் சேமிப்பு அஸ்திவாரம் போடவும் காணாது. இரண்டாவது உறுப்பினர்களுக்காக நடத்துவது; தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் உரிமம் போய்விடும்.

என் யோசனை இதுதான். டெண்டரை மச்சினன் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். பணத்தை அவருக்குக் கடனாகக் கொடுங்கள், வங்கி வழியாக, புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு. சம்மதித்தால் நல்லது. "என் பேர்ல போட முடியாது அத்தான்" என்றால், ஏன் என்று கேளுங்கள். பழைய மதுவிலக்கு வழக்கா, டாஸ்மாக்குக்குக் கட்டாத பாக்கியா என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு டெண்டர் படிவத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம்.