கிறிஸ்தவருக்கும் சாமி இல்லை என்பவருக்கும் பொதுவான அறம் உண்டா?

கேள்வி: "மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். வீட்டில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் சாமியே இல்லை என்கிறவர்கள். நல்லபடியாக வாழ்வதில் இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஏதாவது உண்டா, இல்லை சும்மா சமாதானத்துக்குச் சொல்வதா?"

உண்டு. ஆனால் "எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகுது" என்று தொடங்கினால் கிடைக்காது. அப்படிப் போகவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். பத்துக் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எண்ணுகிற கணக்கில் முதல் மூன்று கடவுளைப் பற்றியவை, மீதி ஏழு மனிதரைப் பற்றியவை. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் கணக்கில் நான்கும் ஆறும். முதல் பகுதியில் நம்பாதவர் சேர முடியாது. சேர்ந்ததுபோல் நடிக்கவும் வேண்டாம். அப்பா அம்மாவைக் கவனி, கொல்லாதே, திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று வரும் இரண்டாம் பகுதியில் பேச்சைத் தொடங்குங்கள்.

இப்படித் தொடங்குவதால் கிறிஸ்தவர் தன் விசுவாசத்தில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. ரோமர் நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் பவுல், நியாயப்பிரமாணம் இல்லாத மக்களும் இயல்பாகவே அதன்படி நடக்கிறார்கள், அது அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது என்கிறார். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப் போனவன், கதை கேட்ட யூதர்களின் கண்ணில் வழிபாடே தப்பானவன். சாமி இல்லை என்பவருக்கு 316-ஆம் குறள் போதும்: "இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்." தனக்கு எது வலிக்கும் என்று தெரிந்ததோ அதை அடுத்தவருக்குச் செய்யக் கூடாது. அதில் கடவுள் பேச்சு இல்லை. மற்றவர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதை நீங்கள் அவர்களுக்குச் செய்யுங்கள் என்கிறது மத்தேயு 7:12. காரணம் கேட்டால்தான் பிரிவார்கள். மனிதன் கடவுளின் சாயல் என்பார் ஒருவர்; வலி வலிதான், அதற்குமேல் காரணம் எதற்கு என்பார் மற்றவர். அந்த வாதம் நடக்கட்டும், தவறில்லை. அது முடிகிற வரை கூலி கொடுப்பதைத் தள்ளிப்போட முடியாது.

கூலியைச் சும்மா சொல்லவில்லை. பொதுவான அறம் இருக்கிறதா என்று பார்க்க, தேதியும் தொகையும் உள்ள ஒரு விஷயத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பட்டணத்தில் சாப்பாட்டுக் கடையோ வொர்க்‌ஷாப்போ வைத்திருக்கிற நம்மவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கென்று (EPF) 11 விழுக்காட்டைப் பிடிப்பார்கள். முதலாளி பங்கு, சம்பளம் 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தால் 13 விழுக்காடு. இரண்டையும் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வியாபாரம் மந்தம் என்று ஒரு மாதம் விடுவார்கள், பிறகு மூன்று மாதம். பிடித்த பணம் ஏற்கெனவே தொழிலாளியுடையது, அதைக் கட்டாமல் வைத்திருப்பது திருட்டு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போட்டாலும் திருட்டு, பகுத்தறிவுக் கூட்டத்தில் மேடை ஏறிப் பேசினாலும் திருட்டு. இதில் இரு தரப்பும் ஒரே தீர்ப்புச் சொல்லும்.

கடனையும் அப்படியே பாருங்கள். ஆலோங் என்கிற உரிமமில்லாத வட்டிக்காரனின் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஏடிஎம் கார்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் பெயரும் பின் நம்பரும். சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே அவன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பான். மாவரைக்கும் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவனுடைய உயிரை அடகு வாங்குவது போல என்று உபாகமம் 24:6 சொல்கிறது. இந்தக் காலத்து மாவுக்கல் அந்தக் கார்டுதான். உரிமம் உள்ள வட்டிக்கடை, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க 1951-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. ஆயிரம் வெள்ளிக்கு அது மாதம் 15 வெள்ளி. ஆலோங் வாரம் நூற்றுக்குப் பத்து என்று கொடுத்தால் அதே ஆயிரத்துக்கு ஆண்டு வட்டி 5,200 வெள்ளி.

உறவுக்காரர் ஒருவர் இதில் மாட்டினால் ஜெபமும் புத்திமதியும் பிறகு. முதலில் அவரோடு வங்கிக்குப் போய்க் கார்டை முடக்குங்கள். புதுக் கணக்குத் திறந்து, சம்பளம் அதில் விழும்படி தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) எழுதிக் கொடுக்க வைக்கவேண்டும். மிரட்டல் வந்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட். வங்கிக் கடன்களும் இருந்தால் ஏ.கே.பி.கே. (AKPK) என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவச ஆலோசனை கிடைக்கும். ஆலோங் கடன் அவர்கள் வேலையில் வராது. கடனை அடைக்கிறேன் என்று அவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அது பாதி வழியில் வேறு செலவாகிவிடும். இத்தனை வேலையில் கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி ஓரிடத்திலும் குறுக்கே வராததைக் கவனியுங்கள்.

மன்னிப்பு கொஞ்சம் கடினம். கிறிஸ்தவர் ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்பார். நம்பாதவருக்கு அது தப்புச் செய்தவனுக்குச் சலுகையாகத் தெரியும். ஆனால் வேதத்திலேயே வரிசை இருக்கிறது. லூக்கா 19-இல் சகேயு அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். மத்தேயு 5-இல், சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று வருகிறது. ஒப்புக்கொள், திருப்பிக் கொடு, பிறகு மன்னிப்பு. இந்த வரிசையை நம்பாதவரும் ஏற்பார். வரிசையைப் புரட்டும்போதுதான் கெடுதல் வருகிறது: அடிக்கிற புருஷனை மன்னித்து அனுசரித்துப் போ என்று பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைப்பது. மன்னிப்பதும் போலீஸ் ரிப்போர்ட் செய்வதும் ஒன்றுக்கொன்று தடையில்லை. தாலியான் காசே (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசியை 15999 எண்ணில் அழைக்கலாம். சமூகநல அதிகாரி ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். இதில் தயங்குகிற பாஸ்டரிடம் குடும்பத்தார் மரியாதையாக, ஆனால் நேராகவே பேசவேண்டும்.

கலப்பு வீட்டில் பெரிய சண்டை வருவது சாவு வீட்டில்தான். பெரியவர் வாழ்நாள் முழுக்கச் சாமி கும்பிடாதவர், மகள் ஜெபம் நடத்தணும் என்கிறாள். அல்லது பாட்டி விசுவாசி, மகன் பாதர் வரக்கூடாது என்கிறான். ஏற்பாடு உயிரோடு இருக்கும்போதே நடக்கவேண்டும்: ஒரு தாள், அடக்கமா தகனமா, யார் நடத்துவது, என்ன வேண்டாம், கையெழுத்து, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு சாட்சி. அதை ஐ.சி. (அடையாள அட்டை) இருக்கும் இடத்திலேயே வையுங்கள், ஏனென்றால் அன்றைக்கு முதலில் தேடுவது ஐ.சி.யைத்தான். இறந்தவரின் விருப்பம்தான் முடிவு. நம்பாதவர் சர்ச் அடக்கத்தில் எழுந்து நிற்கலாம், பெட்டி தூக்கலாம். பரலோக மந்திரத்தைச் சொல்லாமல் நின்றால் யாரும் முறைக்க வேண்டியதில்லை. நம்பாதவர் உடலுக்கு முன்னால் விசுவாசி மனசுக்குள் ஜெபித்துக்கொள்ளலாம், மைக் பிடிக்கக் கூடாது. போலீஸ் நிலையத்துக்கும் பதிவிலாகாவுக்கும் ஒருவர், கூடாரம் நாற்காலிக்கு ஒருவர், மொய் நோட்டுக்கு இரண்டு பேர் என்று வேலையைப் பிரித்தால் வாதம் பண்ண ஆள் மிஞ்சாது. மூன்றாம் மாதத்தையும் மறக்காதீர்கள். வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள், தோட்டத்தில் வேலையோடு ஒட்டிய வீடு என்றால் காலி செய்யச் சொல்லும் கடிதமும் அப்போது கையில் இருக்கக்கூடும். விதவையைப் போய்ப் பார் என்று யாக்கோபு எழுதியது அந்த மாதத்துக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இந்த மண்ணுக்கு இப்படிச் சேர்ந்து செய்வது புதிதும் இல்லை. இதே சுங்கை சிப்புட்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அப்போது துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை அந்தப் பணம் வாங்கியது.

சேர்ந்து உதவி நிதி, டியூஷன் வகுப்பு என்று எதையாவது தொடங்குவதானால் இரண்டு விதி தேவை. பணம் எடுக்க இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு கையெழுத்து, ரசீதுப் புத்தகம், மாதக் கடைசியில் கணக்குச் சுவரில் ஒட்டவேண்டும். அடுத்தது, உதவி வாங்க வருகிறவரிடம் ஜெபமும் கூடாது, மூடநம்பிக்கைப் பிரசங்கமும் கூடாது. அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரம் வைத்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்; வருகிறவர்களும் அரிசிக்காகத் தலையாட்டுவார்கள், அது பொய் சொல்லப் பழக்குவது.

கருக்கலைப்பு, பிழைக்க வழியில்லாத நோயாளியின் கடைசி நாட்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா என்பதில் இரு தரப்பும் பெரும்பாலும் சேராது. சேர்த்துவைக்கப் பார்க்காதீர்கள். ஞானஸ்நானப் பேச்சை மட்டும் கல்யாணத்துக்கு முன்பே, மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாக உட்கார்ந்து முடித்துக்கொள்ளட்டும். தொட்டிலுக்குப் பக்கத்தில் தாத்தா பாட்டிகள் முடிவு பண்ணும்படி விட்டுவிட வேண்டாம்.