செயின்ட் கில்டா தீவுக்குப் பறவை பார்க்கப் போறது வொர்த்தா?

"ஸ்காட்லாந்து டூர்ல ஒரு நாள் மிச்சம் இருக்கு, செயின்ட் கில்டாவுக்கு கடல்பறவை பார்க்கப் போகலாமா, இல்ல காசுக்குப் பிடிச்ச கேடா"ன்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா போங்க. ஆனா ஒரே ஒரு நாளை கையில வச்சுக்கிட்டு போகாதீங்க, மூணு நாளாவது ஒதுக்குங்க.

செயின்ட் கில்டாங்கிறது ஒரு சின்னத் தீவுக்கூட்டம். ஸ்காட்லாந்தோட மேற்கு ஓரத்துல இருக்கிற அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கால சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்ல தனியா கிடக்கு. அந்த ஹெப்ரிடீஸ்ல ஒண்ணான ஹாரிஸ் தீவுல லெவர்பரோன்னு ஒரு சின்ன துறை, அங்கிருந்து போட்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம். காத்து சரியில்லன்னா போட் எடுக்க மாட்டாங்க, அதுல அவங்களைக் குறை சொல்லவே கூடாது. நாங்க புக் பண்ணின நாளும் கேன்சல் ஆச்சு, அடுத்த நாளுக்கு அவங்களே மாத்திக் கொடுத்துட்டாங்க. ஆனா தங்கின இடத்துல, போட் போகலன்னு தெரிஞ்சதும் அதே ரூமுக்கு அன்னிக்கு ராத்திரிக்கு ரெண்டு மடங்கு வாடகை கேட்டாங்க. கைக்குழந்தையோட நிக்கிறவங்ககிட்ட இப்படி கேக்க எப்படி மனசு வருதுன்னு இன்னிக்கும் எனக்கு ஆறல. ரூம் போடும்போதே எக்ஸ்ட்ரா நாளுக்கும் சேர்த்துப் பேசிடுங்க.

சரி, பறவைக்கு வர்றேன். பாதி வழியிலயே ஃபுல்மார்ங்கிற கடல்பறவை நம்ம கூடவே வர ஆரம்பிச்சிடும். சாம்பல் முதுகு, அலகுக்கு மேல ஒரு சின்னக் குழாய், அது வழியாத்தான் உப்பை வெளியேத்தும். றெக்கையை ஒரு தடவை கூட அடிக்காம போட்டுக்குப் பின்னாடி காத்துல சாய்ஞ்சு சாய்ஞ்சு, கைநீட்டினா தொட்டுடலாம்ங்கிற தூரத்துல வந்துச்சு, அந்தக் கருப்புக் கண்ணு என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. 1878 வரைக்கும் பிரிட்டன்லயே இது குஞ்சு பொரிச்ச ஒரே இடம் செயின்ட் கில்டாதான்.

ஹிர்ட்டாங்கிற பெரிய தீவுல இறங்குறதுக்கு முன்னாடி பையெல்லாம் செக் பண்ணச் சொல்லுவாங்க, ஒரு எலி ஏறிட்டா போதும், பொந்துல இருக்கிற முட்டை மொத்தமும் போச்சு. பஃபின்ங்கிற கலர் அலகு குட்டிக் கடல்பறவை, பக்கத்து டூன் தீவுலதான் ஏராளம். ஆகஸ்ட் ஆரம்பத்துலயே கடலுக்குப் போயிடும், அதனால மே, ஜூன், ஜூலைக்குள்ள வாங்க. போங்ஸின்னு ஒரு முரட்டுப் பழுப்புப் பறவை, அடுத்த பறவையைத் துரத்தி வாயில இருக்கிற மீனைக் கக்க வச்சுப் பிடுங்கும். 2021ல இருந்து பறவைக் காய்ச்சல்ல அது கொத்துக் கொத்தா செத்துப்போச்சு. நாங்க போனப்ப மேட்டுப் பக்கம் வெறிச்சுன்னுதான் இருந்துச்சு.

உண்மையான காட்சி திரும்பும்போதுதான். போட் போரரே தீவையும் ஸ்டாக் லீ, ஸ்டாக் அன் ஆர்மின்னு ரெண்டு பாறையையும் சுத்தி வரும். ஸ்டாக் அன் ஆர்மின் 190 மீட்டருக்கும் மேல கடல்ல இருந்து நேரா எழும்பி நிக்குது. தூரத்துல பாறை வெள்ளையா தெரிஞ்சது, கிட்டப் போனா அம்புட்டும் கேனெட்ங்கிற பெரிய வெள்ளைக் கடல்பறவை. 2013 கணக்குல இங்க மட்டும் சுமார் 60,000 ஜோடி. சத்தம் காதை அடைக்குது, எச்சத்தோட நெடி மூக்கைப் பொத்த வைக்குது, தலைக்கு மேல வானமே தெரியல. ஒண்ணு மேல இருந்து றெக்கையைப் பின்னால இழுத்து ஒடுக்கிக்கிட்டு செங்குத்தா விழுந்துச்சு, தண்ணி தொடுற நொடியில உடம்பு ஒரே கோடு. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, ரெண்டு பேரும் பேசல.

முன்ன ஹிர்ட்டாவுல ஒரு ஊரே இருந்துச்சு, பறவையைப் பிடிச்சுத்தான் பொழைச்சாங்க. கீழ கமெண்ட்ல வந்து "அந்த ஊர்க்காரன் பறவையைப் புடிச்சுத் தின்ன காட்டுமிராண்டி, அங்க போய் என்ன பறவை பாசம்"னு எழுதுறவங்க உண்டு, வேற ஒரு பதில்ல எனக்கே எழுதினாங்க. இது மட்டும் எனக்குப் பொறுக்காது. எங்க அப்பா கோடியக்கரை பக்கம் கடலுக்குப் போறவர். செயின்ட் கில்டா ஆம்பளைங்க தினம் காலையில கூடி நின்னு இன்னிக்கு என்ன வேலைன்னு பேசி முடிவு பண்ணுவாங்க, எங்க ஊர்ல விடியக்காலம் கரையில நின்னு காத்தைப் பார்த்து முடிவெடுக்கிற மாதிரியேதான். வெறுங்காலோட கயித்துல தொங்கி கேனெட்டும் ஃபுல்மாரும் பிடிச்சாங்க, விளக்குக்கு ஃபுல்மார் எண்ணெய், வாடகைக்குப் பதிலா இறகு. 1727ல பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின்ல இறங்கின மூணு ஆம்பளைங்களும் எட்டுப் பையன்களும், ஊர்ல பெரியம்மை வந்து கூட்டிட்டு வர ஆளில்லாம, அடுத்த வருஷம் மே வரைக்கும் அந்தப் பாறையிலேயே கிடந்து உயிரோட மீண்டாங்க. பறவைங்க இல்லன்னா செத்திருப்பாங்க. கடைசி 36 பேரும் அவங்களே கேட்டு 1930 ஆகஸ்ட் 29ல தீவை விட்டுப் போனாங்க. அத்தனை தலைமுறை பிடிச்சுத் தின்னும் கேனெட்டும் ஃபுல்மாரும் அழியல. நான் வேட்டையை ஆதரிக்கிறேன்னு திரிக்காதீங்க, பசியில செஞ்சதைக் கேவலமா பேசாதீங்கன்னுதான் சொல்றேன்.

கடல் ஒத்துக்காதவங்க போட் ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுக்கோங்க, தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. குழந்தை இருந்தா வயசு வரம்பை போட்காரங்ககிட்ட முதல்லயே கேட்டுடுங்க. எங்களோடதை சொந்தக்காரங்ககிட்ட விட்டுட்டுத்தான் போனோம்.