பூ கொட்டுகிறது, காய் நிற்கவில்லை: பேஷன் ஃப்ரூட் கொடியை வெட்டிவிடலாமா?

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “வேன் வண்டியில் கன்று விற்க வந்தவரிடம் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கன்று இரண்டு வாங்கி வைத்தேன். பந்தல் நிறையப் படர்ந்துவிட்டது. தினமும் பூக்கிறது, ஆனால் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஒரு காய்கூட இல்லை. உரக்கடையில் ஹார்மோன் மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா, கொடியையே வெட்டிவிடலாமா?”

வெட்டாதீர்கள். மருந்தும் வேண்டாம். இவ்வளவு பூக்கிற கொடிக்கு நோய் இல்லை, துணைதான் இல்லை.

மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ‘என்னிடம்தான் இரண்டு இருக்கிறதே’ என்பீர்கள். வேன்காரர் ஏமாற்றுவது அங்கேதான். ஒரே தாய்க்கொடியைத் துண்டு துண்டாக வெட்டி, பையில் வேர்விட வைத்து விற்கிறார்கள். அத்தனை கன்றும் ஒரே கொடிதான். இரண்டு வைத்தாலும் இருபது வைத்தாலும் பலன் ஒன்றுதான். விதைக் கன்றில் இந்தத் தொல்லை குறைவு. அதை மட்டம்தட்டிவிட்டு, சாதாரணக் குச்சிக் கன்றை ‘ஒட்டு’ என்று கூடுதல் விலைக்குத் தள்ளுகிறார்கள். எந்தக் கொடியில் வெட்டியது என்று கேட்டுப் பாருங்கள், கேரளத்தில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவார்கள். மானியத்தில் கன்று கொடுக்கும் இடத்திலும் எத்தனை கன்று கொடுத்தோம் என்பதற்குத்தான் பதிவேடு. தாய்ச்செடி எது என்று கேட்டால் நம்மை வினோதமாகப் பார்க்கிறார்கள்.

இதே வேனில் ‘கிருஷ்ண கமலம்’ என்று இதே குடும்பத்து அழகுக்கொடி ஒன்றும் வரும். பஞ்சபாண்டவர், கௌரவர் கதை சொல்லி, வாசலில் வைத்தால் செல்வம் என்பார்கள். பூவுக்காக வாங்கினால் சரி. பழத்துக்காக வாங்காதீர்கள்.

மலைமேல் விளையும் ஊதா ரகம் ஒற்றைக் கொடியிலேயே காய்க்கும். மூணாறில் இருக்கும் உறவினர் ‘ஒன்று போதுமே’ என்றால் அவர் கொடிக்கு அது சரி. உங்கள் ஊர் வெயிலுக்கு மஞ்சள்தான்.

இப்போது செய்ய வேண்டியது: வேறு வேறு இடத்தில் வாங்கிய இரண்டு மஞ்சள் பழங்களின் விதையைப் புதிதாகவே விதையுங்கள். காய்ந்து பழசான விதை சரியாக முளைக்காது. அது வளர்ந்து பூக்க ஒரு வருடம் போல ஆகும். அதுவரை, தெருவில் வேறு யார் வீட்டிலாவது மஞ்சள் கொடி இருந்தால் நாலு பூ கேட்டு வாங்கி வாருங்கள். அவரும் அதே வேனில் வாங்கியிருந்தால் பயனில்லை, முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

மஞ்சள் ரகம் மதியவாக்கில்தான் விரியும், இரவில் மூடிவிடும். பூவின் நடுத்தண்டில் மகரந்தப் பைகள் ஐந்து, அவற்றுக்கு மேலே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் மூன்று. விரிந்த புதிதில் மூன்றும் மேல்நோக்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் வளைந்து கீழே இறங்கும். அப்போது வேற்றுக்கொடியின் மகரந்தத்தை மூன்றிலும் தடவுங்கள், சின்ன பிரஷ் அல்லது விரலே போதும். ஒரு விஷயம் கவனியுங்கள். சில பூக்களில் சூல்முடி கடைசிவரை வளையாமல் விறைத்தே நிற்கும். அதில் எவ்வளவு தடவினாலும் காய் வராது, ‘கை ராசியில்லை’ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அரைகுறையாக வளைந்த பூவில் தடவிப் பார்க்கலாம். விறைத்த பூவையும் வீணாக்க வேண்டாம், அதன் மகரந்தம் நல்லதுதான். அதை எடுத்து இன்னொரு கொடியின் வளைந்த பூவுக்குக் கொடுக்கலாம்.

சாரல் அடிக்கிற மதியங்களில் இந்த வேலை வேண்டாம். நனைந்தால் மகரந்தம் வெடித்து வீணாகிவிடும்.

அப்புறம், தேனீப் பெட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது விற்க வருவார்கள். இந்தப் பூவுக்குத் தேனீ சிறிசு. மகரந்தத்தைச் சுருட்டிக்கொண்டு போகுமே தவிர, பெரும்பாலும் சூல்முடியில் உரசாது. மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டுதான் இதற்கு ஆள். பந்தலில் பழைய மூங்கில் இருந்தால் மாற்றாமல் விட்டுவையுங்கள், அது கூடு கட்டும். பூக்கிற சமயத்தில் பூச்சிமருந்து அடித்தால் அதுவும் வராது.

காய் பிடித்தால் ஓரிரு நாளிலேயே சூல்முடிகளுக்கு அடியில் உருண்டு வருவது தெரியும். பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மஞ்சளாகித் தானே கீழே விழுவதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பச்சையாகப் பறித்துத் தின்னக் கொடுக்க வேண்டாம், குழந்தைகளுக்கு அறவே கூடாது.