முதல் நாள் வசூல் யாருடைய கவலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் சேலம் கன்னங்குறிச்சி. இப்போது சென்னையில் ஒரு கிராபிக்ஸ் நிறுவனத்தில் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட், அதாவது படத்தில் இருக்கிற ஆட்களையும் பொருட்களையும் ஃபிரேம் ஃபிரேமாக வெட்டிப் பிரித்து எடுக்கிற வேலை. ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படங்களின் ஷாட்டுகள் எங்களுக்கும் வரும், சின்ன வயதிலிருந்தே அந்தப் படங்கள் என்றால் எனக்கு உயிர். சமீபத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கடைசி அரை மணி நேரச் சண்டை அவசரத்தில் முடித்த வேலையாகத் தெரிகிறது என்று எங்கள் ரசிகர் குழுவில் எழுதினேன். 'ஹேட்டர்', 'காசு வாங்கிட்டு எழுதுறான்' என்று ஆரம்பித்து அம்மா வரைக்கும் இழுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் நிறையப் படிக்கிற நண்பர்கள், 'அதெல்லாம் சினிமாவே இல்லை, ஹாலிவுட் இயக்குநர் ஸ்கார்செஸியே சொல்லிவிட்டார்' என்கிறார்கள். என் ரசனை மட்டமா அக்கா? ரசிகனாக இருந்துகொண்டு குறை சொல்லக்கூடாதா?

ம.

அன்புள்ள தம்பி,

உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. அதுவும் கன்னங்குறிச்சிக்காரர் இந்தச் சந்தேகமே படக்கூடாது. ஏற்காடு ரோட்டில் இன்றும் நிற்கிற அந்த வளைவுக்குப் பின்னால் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ, ஜனங்களை வாய் பிளக்க வைக்கிற படங்களை எடுத்தே வளர்ந்த இடம். இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1935-இல் அதைத் தொடங்கினார். 1940-இல் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்து உத்தம புத்திரன் எடுத்தார்கள், 1956-இல் அலிபாபாவும் 40 திருடர்களும் தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமாக வந்தது. 1952-இல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு படம், உடம்பெல்லாம் முடி அடர்ந்த ஆதிகால யானைகள் வருகிற கதை. அதில் நடித்த சீசர் ரொமெரோதான் 1966-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் வில்லன் ஜோக்கராக வந்தவர். உங்கள் குழுவில் ஜோக்கரைப் பற்றி ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறார்களே, திரையில் அந்த வேடத்தை முதலில் போட்ட மனிதர் அதற்கு 14 வருஷம் முன்பே நம்ம ஊர்க் கம்பெனியின் படத்தில் நடித்துவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, ஸ்கார்செஸி விஷயம். உங்கள் நண்பர்கள் 2019-இல் அவர் ஒரு பேட்டியில் மார்வெல் கம்பெனியின் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிச் சொன்ன 'தீம் பார்க்' என்ற ஒற்றை வார்த்தையோடு நின்றுவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸில் அவரே விளக்கமாக எழுதினார். அந்தப் படங்களில் திறமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. சந்தையை ஆராய்ந்து, ஆட்களைக் கூட்டிக் காட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி திருத்தி, எந்த ஆபத்தும் எடுக்காமல் செய்யப்படுகின்றன, தியேட்டர்களையும் அவையே நிறைத்துக்கொள்கின்றன என்பதுதான் அவருடைய வருத்தம். அது நியாயமான வருத்தம் என்றுதான் நானும் நினைக்கிறேன். சேலத்தையே பாருங்கள், ஒரு பெரிய படம் இறங்கினால் திரைகளெல்லாம் அதற்கே போய்விடுகின்றன, அந்த வாரம் வருகிற சின்னப் படத்துக்கு ஒரு காலைக் காட்சி கிடைத்தாலே பெரிது, அதைப் பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதற்குள் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படம் மட்டும் இதைச் செய்யவில்லை, நம்முடைய பெரிய நட்சத்திரப் படங்களும் இதையேதான் செய்கின்றன.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கோபம், படம் எடுக்கிற முறை மேல். முதலில் ரிலீஸ் தேதியை அறிவித்துவிடுகிறார்கள், கதை அப்புறம். கடைசிச் சண்டை எப்படி முடியவேண்டும் என்பது ஷூட்டிங் முடிந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றத்தையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் இறக்குகிறார்கள். ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமிலும் தலைமுடி ஓரம், விரல் ஓரம், துணி மடிப்பு என்று வெட்டிப் பிரித்து எடுக்கிற வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2013-இல் ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க கிராபிக்ஸ் நிறுவனம் திவாலாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் வேலை செய்த லைஃப் ஆஃப் பை படத்துக்குக் காட்சி விளைவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. 2023 செப்டம்பரில் மார்வெலின் விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) ஊழியர்கள் ஒருத்தர்கூட மாற்றி ஓட்டுப் போடாமல் தொழிற்சங்கம் சேர முடிவெடுத்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகும், ஒரு ஷாட் சரியில்லை என்றால் ரசிகர்கள் திட்டுவது விஎஃப்எக்ஸ் ஆட்களைத்தான், தேதியை முடிவு செய்தவர்களைத் திட்டுவதில்லை. அவசர வேலை என்று நீங்கள் எழுதியது அந்த வேலையைத் தெரிந்தவர் சொன்ன சொல், குழுவில் இருந்த மற்ற எல்லாரையும்விட அதைச் சொல்ல உங்களுக்குத்தான் தகுதி உண்டு.

ரசிகர்கள் ஒன்று சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர் ஹீரோ படத்தை அதன் இயக்குநர் ஜாக் ஸ்னைடர் நினைத்தபடியே வெளியிடச் சொல்லி வருஷக்கணக்கில் கேட்டு, 2021-இல் நான்கு மணி நேரப் படமாக அதை வரவழைத்துவிட்டார்கள். நடுவில் தற்கொலைத் தடுப்புக்காக லட்சக்கணக்கான டாலர் திரட்டியும் கொடுத்தார்கள். ஆனால் அதே இயக்கத்தின் பெயரால் மாற்றுக் கருத்து சொன்னவர்களை விரட்டி விரட்டித் திட்டியவர்களும் இருந்தார்கள். 2018-இல் ஸ்டார் வார்ஸ் நடிகை கெல்லி மேரி டிரான் வசவு தாங்காமல் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டுப் போனார். ஒரு கதாபாத்திரத்தில் நடித்தது மட்டும்தான் அந்தப் பெண் செய்தது.

நம் ஊரில் ரசிகர் மன்றச் சண்டை எனக்கும் தெரியும், போஸ்டரில் சாணி அடிப்பது, தியேட்டர் வாசலில் கைகலப்பு, எல்லாம் இருந்தது. ஆனாலும் அம்மாபேட்டை மன்றத்துப் பையன் மறுநாள் காலையில் அதே டீக்கடையில் எதிர் மன்றத்துக்காரனின் முகத்தைப் பார்த்தாகவேண்டும், அவன் அம்மாவை இவனுக்குத் தெரியும். இப்போது திட்டுகிறவனுக்கு முகமும் இல்லை, ஊரும் இல்லை. இன்னொரு மாற்றம்தான் என்னை நிஜமாகவே வருத்துகிறது. அந்தக் காலத்து ரசிகன் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வான், பாட்டு எந்த ராகம் என்று சண்டை போடுவான். இப்போது முதல் நாள் வசூல் எத்தனை கோடி என்பது தெரிகிறது, படத்தின் எடிட்டர் பெயர் தெரிவதில்லை. ஒரு கம்பெனியின் லாப நஷ்டத்தைத் தன் மானமாக எடுத்துக்கொண்டு, சம்பளமே இல்லாமல் ராத்திரி இரண்டு மணிவரை ஹேஷ்டேக் ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப் போகிறது. அந்த நேரமும் அந்த அன்பும் படத்துக்குப் போய்ச் சேரவே இல்லையே தம்பி.

ஆகவே என் பதில், அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். படங்களை விடவேண்டாம், அவற்றைப் பற்றி எழுதுவதையும் விடவேண்டாம். மொத்தப் படத்துக்கும் மார்க் போடுவதைவிட ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு அது ஏன் நம்பும்படி இருக்கிறது, அல்லது ஏன் இல்லை என்று எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, முடி ஓரம் ஏன் பிசிறு தட்டுகிறது, இதையெல்லாம் தமிழில் விவரமாக எழுத ஆள் குறைவு. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் எதையெல்லாம் வெளியே பேசக்கூடாது என்று முதலில் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், வெளியான படம் என்றாலும் கேட்டுவிட்டே எழுதுங்கள். எழுதி எனக்கு அனுப்பினால் இங்கேயே போடுகிறேன், பெயர் வேண்டாம் என்றால் போடவில்லை.

அன்புடன்,
அக்கா