பண்பாட்டுப் பற்றும் பக்கத்து வீடும்

கேள்வி: அவிநாசி பக்கம் எங்களுக்கு நாலு லைன் வீடு இருக்குதுங்க. ஒன்றில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா குடும்பம் இருக்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் என் மகன், நம்ம கொங்கு நாட்டுக் கிராமிய ஆட்டமான வள்ளி கும்மி கற்றுக்கொண்டதிலிருந்து 'நம்ம மண், நம்ம பண்பாடு' என்று பெருமையாகப் பேசுகிறான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வீட்டுக் கடுகெண்ணெய் வாசத்துக்கு மூக்கைப் பொத்துகிறான். "பண்பாடு தெரியாத கூட்டம், காலி பண்ணச் சொல்லுங்கம்மா" என்கிறான், அதுவும் அவர்கள் குழந்தை எதிரிலேயே. கண்டித்தால் கும்மியையும் விட்டுவிடுவானோ என்று தயங்குகிறேன்.
- ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தயங்காமல் கண்டியுங்கள். கும்மி ஆடட்டும். குழந்தை எதிரில் மூக்கைப் பொத்துவது இன்றோடு நிற்க வேண்டும்.

நம் பிள்ளைகள் வள்ளி கும்மிக்குத் திரும்பியிருப்பதை மனதார வரவேற்கிறேன். பகலெல்லாம் படிப்பு, வேலை என்று ஓடிவிட்டு, ராத்திரி கோயில் மைதானத்தில் வாத்தியார் பாட்டெடுக்க, பேத்தியும் அம்மிச்சியும் ஒரே அடி வைத்து ஆடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பெருமை வராது? உலகம் முழுக்க ஒரே மாதிரி உடுத்தி, ஒரே ரீல்ஸ் பார்க்கிற காலத்தில் ஒரு பிள்ளை தன் வேரைத் தேடுவது நல்லதுதான். அந்த வேரையே அளவுகோலாக்கி அடுத்தவரை அளக்கும்போதுதான் சிக்கல். அமெரிக்க சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-லேயே இதை எழுதியிருக்கிறார்: தன் கூட்டத்தை எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்து, மற்ற எல்லாரையும் அதைக் கொண்டே எடைபோடும் மனப்போக்கு. இது எந்த ஊரிலும் உண்டு. நாளைக்கு உங்கள் மகன் வேலைக்குப் போகும் ஊரில் கருவாடு வறுத்தால், அங்கேயும் ஒருவர் மூக்கைப் பொத்தலாம்.

அந்த வீட்டில் கோடையில் என்ன சாப்பிடுவார்கள் என்று அவனையே கேட்டுவரச் சொல்லுங்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் புளிக்கவிட்டு, உப்புப் போட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடும் 'பகாளா' பற்றிச் சொல்வார்கள். நம் தோட்டங்காட்டில் பாடுபட்டவர்கள் சாப்பிட்ட பழைய சோறேதான் அது! மேற்கு ஒடிசாக்காரர்களாக இருந்தால் நுவாகாய் பண்டிகையும் இருக்கும். புது நெல்லைச் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள், பெரியவர்களை விழுந்து வணங்குவார்கள். இவர்களையா பண்பாடு தெரியாத கூட்டம் என்பது?

அப்புறம், கொங்கு மண்ணும் என்றைக்கும் ஒற்றை மொழியில், ஒற்றைக் கூட்டமாக இருந்ததில்லை. நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணலுக்கு மகனைக் கூட்டிப் போங்கள். அங்கே கிடைத்த, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு, பழைய வடநாட்டு மொழியான பிராகிருதத்தின் பெயர்களும் கீறப்பட்டிருக்கின்றன. இன்றைக்கும் தறி நெய்யும் தேவாங்கர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள், அருந்ததியர் தெருக்களில் தெலுங்கு கேட்கிறது. அவர்களும் கொங்கு நாட்டார்தான். கொங்குப் பண்பாடு ஒரு சாதிக்கு மட்டும் சொந்தம் என்று யாராவது மேடையில் முழங்கினால், உங்கள் மகன் அதையும் நம்பிவிடக் கூடாது.

வெறும் பேச்சுத்தானே என்றும் விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் போலி வீடியோக்கள் பரவின. திருப்பூரில் இருந்த பலர் அதைப் பார்த்துப் பயந்துபோய் ஊருக்கு ரயிலேறினார்கள். உங்கள் வாசலில் கேட்கும் ஏளனம் அந்தக் குடும்பத்தின் பயத்தை இன்னும் கூட்டும்.

ராத்திரியில் சத்தமாகப் பாட்டு வைத்தாலோ, குப்பையை வாசலில் கொட்டினாலோ தாராளமாகக் கேளுங்கள். உள்ளூர்க்காரர் குடியிருந்தாலும் கேட்கத்தானே செய்வீர்கள்? அடுத்த கும்மி அரங்கேற்றத்துக்கு மகனே போய் அவர்களை அழைக்கட்டும். அதற்கு முன்னால், அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவிடம் அவன் வருத்தம் தெரிவிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் மற்ற மூன்று வீடுகளுக்கு என்ன கணக்கோ, அதே கணக்கு அவர்களுக்கும் இருக்கட்டும்.